பத்தொன்பது நாள் இரவல் டயர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தீபாவளிக்குச் சரியாக மூன்று வாரம் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலை, தாசேக் கெலுகோர் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் தொடங்கியது இது. நல்லபடியாக முடிந்த கதை என்று நினைத்து, முதலில் இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டேன். இப்போது எழுதுவதுகூட, மனத்தில் கிடப்பதை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

எனக்கு வீடு பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில். வேலை கடலுக்கு அந்தப் பக்கம் புக்கிட் தெங்காவில், ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது. தினமும் பாலத்தைக் கடந்து போய் வருகிறவனுக்கு ஒரு சின்ன கார் போதும். ஆனால் எனக்கு நான்கு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் வண்டி மேல் ஒரு பைத்தியம். பழைய வண்டி ஒன்றை வாங்கி, தடித்த டயர்களை மாட்டி, முன்னால் பெரிய விளக்கெல்லாம் வைத்தேன். இத்தனைக்கும் அது அதுவரை ஏறிய மிகப் பெரிய மேடு எங்கள் பக்கத்து சூப்பர்மார்க்கெட்டின் மூன்றாவது மாடி கார் நிறுத்துமிடம்தான். என் மனைவி இதைச் சொல்லிக் கேலி செய்யாத உறவினர் வீடு கிடையாது.

அந்த வண்டியின் ஸ்பேர் டயர் பின்கதவில் தொங்கும். ஓடுகிற நான்கு டயர்களுக்கும் சமமான முழு அளவு டயர். இரும்பு ரிம்மோடு சேர்த்து நல்ல கனம். அந்த வருடத் தைப்பூசத்துக்கு எங்கள் நண்பர்கள் தண்ணீர்மலை அடிவாரத்தில் தண்ணீர்ப் பந்தல் போட்டார்கள். மூன்று நாளும் சோற்று அண்டா, ஐஸ் கட்டி, மோர் டிரம் என்று எல்லாம் என் வண்டியில்தான் வந்து இறங்கின. சரிவில் நிறுத்தியிருந்ததால் அந்த டயரின் கனத்துக்குப் பின்கதவு தானாகவே அடித்துச் சாத்திக்கொண்டது. முதல் நாளே பந்தலுக்கு வந்த ஓர் அக்காவின் முழங்கையில் அடித்துவிட்டது. உடனே டயரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் பால்கனியில் போட்டேன். தைப்பூசம் முடிந்தது. டயர் பால்கனியிலேயே இருந்தது. மனைவி அதன்மேல் கற்பூரவல்லித் தொட்டியை வைத்துவிட்டாள்.

கதவு லேசாகிவிட்டது, பெட்ரோல் எண்ணெயும் கொஞ்சம் மிச்சமாகிற மாதிரி இருந்தது. ஆனால் டயர் இல்லாத பின்கதவு பார்ப்பதற்கு மொட்டையாக இருந்தது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. தொழிற்சாலையில் இயந்திரங்கள் வந்து இறங்கும்போது பெட்டிக்குள் வெள்ளை வெள்ளையாக போலிஃபோம் அடைத்து வரும், தூக்கிப் போடுவார்கள். அதில் ஒரு துண்டை வட்டமாக அறுத்து, டயர் கனத்துக்கு ஒட்டி, பழைய இடத்தில் மாட்டி, மேலே வேல் படம் போட்ட உறையைப் போட்டுவிட்டேன். அசல் டயர் போலவே இருந்தது. உடன் வேலை செய்கிறவர்கள் தட்டிப் பார்த்துச் சிரித்து, எங்களுக்கும் ஒன்று செய்து கொடு என்றார்கள். ஒரு சாக்குக்காக, பழைய இரும்புக் கடையில் கிடைத்த, அவசரத்துக்கு மட்டும் போடுகிற மெல்லிய சின்ன டயர் ஒன்றை வாங்கி வண்டிக்குள் போட்டு வைத்தேன். நாம் என்ன காட்டுக்கா போகப் போகிறோம் என்று நினைத்தேன்.

என் அக்கா குடும்பம் இருப்பது தாசேக் கெலுகோரைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு வரிசை வீட்டில். மச்சான் லாரி ஓட்டியவர். சிறுநீரகம் கெட்டுப்போய் வேலையை விட்டுவிட்டார். திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் புக்கிட் மெர்தாஜாமில் டயாலிசிஸ். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை பிடித்த மழை விடவே இல்லை. அவர்கள் வீட்டுக்குப் போகிற தார் ரோட்டில் ஆறு ஏறிவிட்டது. புதன்கிழமை டயாலிசிஸ் போக முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அக்கா போன் செய்தார்.

"தம்பி, மச்சானால படுக்க முடியல. ராத்திரி பூரா உட்கார்ந்தே இருக்காரு. மூச்சு இழுக்குது. ஆம்புலன்ஸ் தண்ணிக்கு அந்தப் பக்கமே நின்னுருச்சாம். உன் வண்டி வருமாடா?"

வருமா என்று கேட்டதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைதான் வந்தது, மறைக்க மாட்டேன். இந்த வண்டி எதற்கு என்று கேலி செய்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல நாள் வந்துவிட்டது என்று கிளம்பினேன். தொழிற்சாலைக்கு லீவு சொன்னேன். பால்கனியில் கற்பூரவல்லித் தொட்டிக்கு அடியில் கிடந்த டயர் என் கண்ணில் பட்டதா என்று பிறகு பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பட்டிருக்கும். வண்டிச் சாவி அந்தப் பால்கனிக் கதவுப் பக்கத்தில்தான் தொங்கும்.

தார் ரோட்டில் தண்ணீர் வண்டிக் கதவு வரை வந்தது. ஒரு வழியாக அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, போன வழியே திரும்பி வர முடியாத அளவுக்குத் தண்ணீர் ஏறிவிட்டிருந்தது. மச்சான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். முகம் உப்பி, கால் இரண்டும் வீங்கி, செருப்பு ஏறவில்லை. உதடு கறுத்திருந்தது. இரண்டு சொல் பேசினால் மூன்றாவது சொல்லுக்கு மூச்சு இல்லை. பின் சீட்டில் ஏற்றினோம். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவரைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். பின்பக்கம் தோட்டத்துக்குள் ஒரு மண் பாதை போகிறது, அதில் போனால் ஆறு கிலோமீட்டரில் மேட்டுப் பக்கத்துத் தார் ரோடு வந்துவிடும் என்று மச்சானே கையைக் காட்டினார்.

பாதி தூரம் நன்றாகத்தான் போனது. ஓடை ஒன்றுக்கு மேல் சின்னதாக ஒரு சிமெண்டுப் பாலம். ஓரம் உடைந்து இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது, தண்ணீர் மூடியிருந்ததால் தெரியவில்லை. இடது பின் டயரின் பக்கவாட்டை அந்தக் கம்பி ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தபோதுதான் தெரிந்தது.

இறங்கிப் பின்னால் போனேன். போகும்போதே எனக்குத் தெரியும், உறைக்குள் என்ன இருக்கிறது என்று. இருந்தாலும் அக்கா கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கட்டும் என்று எதையோ செய்கிறவன் மாதிரி உறையை உருவினேன். வெள்ளை வட்டம் மழையில் நனைந்துகொண்டு நின்றது.

"என்னடா இது, போலிஃபோமா?" என்றார் அக்கா.

மச்சானும் திரும்பிப் பார்த்தார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். ஸ்பேர் டயரில் காற்று பார்க்காமல் வாசலைத் தாண்டாதவர். அவர் கண்ணை மூடிக்கொண்டார். என் வாழ்க்கையில் அந்த நிமிடம் பட்ட வெட்கத்தை வேறு எப்போதும் பட்டதில்லை.

உள்ளே கிடந்த சின்ன டயரை எடுத்து, சேற்றில் ஜாக் இறங்க இறங்க எப்படியோ தூக்கி மாட்டினேன். அதற்கே அரை மணி நேரம். கிளப்பினேன். முப்பது அடி போயிருக்கும். அந்த மெல்லிய டயர் சேற்றைக் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு உள்ளே இறங்கியது. வண்டியின் அடிப்பாகம் மண்ணில் உட்கார்ந்துவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் சேறுதான் பறந்தது. போனில் ஒரு கோடு சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. பின்னால் அக்கா மச்சானின் நெஞ்சைத் தடவிக்கொண்டே ஏதோ முணுமுணுத்தார், சாமியைக் கூப்பிட்டாரா என்னைத் திட்டினாரா தெரியாது. மச்சான் இந்த வண்டிக்குள்ளேயே போய்விடுவார், அதற்குக் காரணம் நான்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு பழைய பிக்-அப் வண்டி வந்தது. ஓட்டி வந்தவருக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து வயது இருக்கும். ரப்பர் பூட்ஸ், நனைந்த தொப்பி. கண்ணாடிக்குக் கீழே ஜெபமாலை தொங்கியது. தோட்டங்களுக்கு உரம் போடுவது, களைக்கு மருந்து அடிப்பது, இதையெல்லாம் குத்தகைக்கு எடுத்துச் செய்கிற தமிழர். மழையில் மருந்து டிரம்கள் தண்ணீரில் அடித்துக்கொண்டு போய்விடாமல் இருக்க எடுத்துக்கொண்டு வெளியே போகிறார். என் வண்டி வழியை அடைத்துக்கொண்டு நின்றதால் அவரும் நிற்க வேண்டியதாயிற்று.

மச்சானை உங்கள் வண்டியில் ஏற்றிக்கொள்ள முடியுமா என்றுதான் முதலில் கேட்டேன். அவர் தன் கதவைத் திறந்து காட்டினார். பக்கத்து சீட்டையே கழற்றிவிட்டு டிரம்களை அடுக்கியிருந்தார், பின்னாலும் டிரம்கள்தான். மருந்து நெடி எனக்கே மூக்கை அடைத்தது.

"மூச்சு முட்டுற ஆள இதுல ஏத்தினா அங்க போய்ச் சேர மாட்டாரு தம்பி," என்றார். பிறகு குனிந்து என் நல்ல டயர் ஒன்றின் எண்களைத் துடைத்துப் படித்தார். "என்னுதும் இதே சைஸ்தான். ரிம்முலயும் அதே ஆறு ஓட்டை. மாட்டும்."

அவருடைய முழு அளவு ஸ்பேர் டயர் பிக்-அப்பின் பின்தட்டில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தது. கயிற்றைக் கட்டி முதலில் என் வண்டியைப் பின்னோக்கி இழுத்துப் பாலத்துச் சிமெண்டு மேல் நிறுத்தினார். பலகை போட்டு அதன்மேல் ஜாக்கை வைத்தார். நட்டுகளைக் கழற்ற எனக்குக் கை ஓடவில்லை. நகரு தம்பி என்று என்னை ஒதுக்கிவிட்டு அவரே உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் அவருடைய டயர் என் வண்டியில் ஏறிவிட்டது. ஃபோர் வீலைப் போட்டுக் கிளப்பினேன், அந்தச் சேற்றைத் தாண்டி வண்டி ஒழுங்காக நடந்தது. தார் ரோடு வரும் வரை அவர் பின்னாலேயே வந்தார். அங்கே இறங்கி, நட்டுகளை இன்னொரு தடவை இறுக்கினார்.

"உங்களுக்கு ஸ்பேர் இல்லாமப் போச்சேண்ணே," என்றேன்.

"எனக்கு நாலு ஓடுது லா. உனக்குத்தான் மூணா நின்னுச்சு," என்றார். "ஆனா கொண்டாந்துடு தம்பி. இந்தத் தோட்ட ரோட்ல ஸ்பேர் இல்லாம நான் ஓட்டறதில்ல. நாளைக்கு, நாளான்னைக்குள்ள."

போன் நம்பர் கொடுத்தார். வீடு தாசேக் கெலுகோர் டவுனில், மாதா கோயிலுக்குப் பின் தெருவில் என்றார். அக்கா பின் சீட்டிலிருந்தே அவரைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் மச்சானின் தோளைத் தொட்டு, ஒண்ணும் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

டயாலிசிஸ் சென்டரில் மச்சானைப் பார்த்ததுமே, இது இங்கே ஆகாது, நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று ஆம்புலன்ஸ் வைத்து அனுப்பினார்கள். நுரையீரல் வரைக்கும் நீர் ஏறிவிட்டதாம். ஆஸ்பத்திரி டாக்டர் சாயங்காலம் எங்களிடம், இன்னும் ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பிக்-அப் அண்ணன் மட்டும் வரவில்லை என்றால் என்று நினைத்து நினைத்து மனம் உருகியது.

இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு நல்ல மனிதரைப் பற்றிய நல்ல கதை. மிச்சம்தான் என்னைப் பற்றியது.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் செய்தேன். எடுத்ததுமே மச்சானைப் பற்றித்தான் விசாரித்தார். பிழைத்துக்கொண்டார் என்றதும், தேவனுக்குத் தோத்திரம் என்று இரண்டு தடவை சொன்னார். டயரைக் கொண்டு வருகிறேன் அண்ணே என்றேன். "இந்த வாரம் உள்ளாற வேலை இல்ல தம்பி, தண்ணி வத்தணும். நீ மெதுவா கொண்டா. மச்சானப் பாரு மொதல்ல," என்றார்.

அந்த மெதுவாவை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நம் ஆட்கள் மரியாதைக்குச் சொல்வதுதான் அது, எனக்குத் தெரியாததா? யாராவது நம் வீட்டிலிருந்து எதையாவது வாங்கிப் போனால் நாமும் அப்படித்தானே சொல்வோம். ஆனால் எனக்கு வசதியாக இருந்ததால் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். என் டயர் பால்கனியில் சும்மாதான் கிடந்தது. அதைக் கீழே இறக்கி மாட்டி, அவருடையதைக் கழற்ற மிஞ்சினால் முக்கால் மணி நேரம் ஆகும். வேலை விட்டு வரும்போது பாலம் ஏறாமல் அந்தப் பக்கமே போனால் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் வண்டிதான் ஓடுகிறதே. அவருடைய டயர் என்னுடையதைவிடப் புதிது, இன்னும் நன்றாகவே ஓடியது.

இன்னொரு காரணமும் இருந்தது. அது கேட்க நல்ல காரணம் மாதிரி இருக்கும். உயிரைக் காப்பாற்றிய மனிதர் வீட்டுக்கு ஒரு டயரை மட்டும் உருட்டிக்கொண்டு வெறுங்கையோடு எப்படிப் போவது என்று எனக்கும் மனைவிக்கும் தோன்றியது. தீபாவளிதான் வருகிறதே, முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை எல்லாம் போடத்தான் போகிறோம். அவருக்கு ஒரு சட்டை, அவர் மனைவிக்கு ஒரு சேலை எடுத்து, குடும்பமாகப் போய் முறையாக நன்றி சொல்லிவிட்டு வரலாம். அக்காவும் அதுதான் சரி என்றார். இப்படி ஒரு முடிவு எடுத்ததும், தினமும் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்த அந்த டயர் உறுத்துவதை நிறுத்திவிட்டது.

டயர் வாங்கிப் பத்தாவது நாள், திங்கட்கிழமை. எங்கள் தொழிற்சாலையில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காலை பத்து மணிக்குத் தேநீர் குடிக்க வந்தபோது பார்த்தேன், ஏழரை மணிக்கு அவரிடமிருந்து ஒரு மிஸ்ட் கால். டயரைக் கேட்கத்தான் கூப்பிட்டிருப்பார் என்று உடனே புரிந்தது. திருப்பிக் கூப்பிட்டால் என்ன சொல்வது? இன்று கொண்டு வருகிறேன் என்று சொல்ல வேண்டும், அல்லது பலகாரத்தோடு வரப் போகிற விஷயத்தை உளற வேண்டும். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று போனை உள்ளே வைத்துவிட்டேன். வேலை முடிந்து வந்தபோது, மூன்று மணிக்கு இன்னொரு மிஸ்ட் கால் இருந்தது. அன்றைக்கு எனக்கு ஓவர்டைம் வேறு. களைப்பாக இருந்தது. இன்னும் ஒரு வாரம்தானே, நேரிலேயே போய் நின்று அவரை ஆச்சரியப்படுத்திவிடலாம் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவரும் கூப்பிடவில்லை.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை, லீவு போட்டேன். என் டயரை இறக்கி மாட்டிவிட்டு, அவருடைய டயரைச் சோப்புப் போட்டுக் கழுவி, பளபளப்புக்கு எண்ணெய் தடவினேன். மனைவி பலகாரங்களைச் சிவப்பு மூடி போட்ட பாட்டில்களில் அடுக்கி, பெரிய கூடையில் வைத்து, ரிப்பன் கட்டினாள். போகிற வழியெல்லாம் இரண்டு பேருக்கும் ஒரே சந்தோஷம்.

மாதா கோயில் பின் தெருவில் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை, வாசலில் அந்த பிக்-அப் நின்றது. அவர் மனைவி வந்து கதவைத் திறந்தார். நான் யார் என்று சொன்னேன். அந்த அக்கா கூடையைப் பார்த்தார், என் கையில் இருந்த டயரைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"உள்ள வாங்க," என்றார்.

அண்ணன் கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கால் ஒரு முக்காலி மேல் நீட்டியிருந்தது. கணுக்கால் வரை வெள்ளைக் கட்டு. என்ன ஆச்சு அண்ணே என்று கேட்டேன். ஒண்ணுமில்ல தம்பி, சின்னக் காயம், மச்சான் எப்படி இருக்காரு என்று கேட்டார். அந்த அக்காதான் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பது மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

அந்தத் திங்கட்கிழமை உரம் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குள் போக வேண்டியிருந்திருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் முடித்துத் தருவதாகச் சொன்ன வேலை. ஸ்பேர் இல்லாமல் போக மனமில்லாமல் காலையில் எனக்குக் கூப்பிட்டிருக்கிறார். எடுக்கவில்லை. சரி, ஒரு நாள்தானே என்று போய்விட்டார். மத்தியானம் உள்ளே மரக்கட்டை ஏதோ குத்தி டயர் போய்விட்டது. பட்டறைக்காரன் அந்தச் சேற்றுக்குள் வர முடியாது என்றுவிட்டான். ஃபோர் வீல் வைத்திருக்கிற ஆள் என்று அவருக்குத் தெரிந்தது என்னை மட்டும்தான். மூன்று மணிக்குத் திரும்பவும் கூப்பிட்டிருக்கிறார். நான் திருப்பிக் கூப்பிடுவேன் என்று மழையில் வண்டிக்குள்ளேயே காத்திருந்து, போனில் பேட்டரி தீர்ந்த பிறகு இறங்கி நடந்திருக்கிறார். ஐந்து கிலோமீட்டர். ரப்பர் பூட்ஸுக்குள் தண்ணீர். செம்பனை முள் ஒன்று அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறியிருக்கிறது. அவருக்குப் பதினைந்து வருடமாக இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. காலில் உணர்ச்சி குறைவு. முள் ஏறியதே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றியபோது ரத்தத்தைப் பார்த்து அந்த அக்காதான் கண்டுபிடித்தார். மூன்றாம் நாள் விரல் கறுத்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மேலே ஏறாமல் நிற்குமா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"உங்களுக்கு ரெண்டு தடவ கூப்பிட்டாரு," என்றார் அந்த அக்கா.

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மிஸ்ட் கால் விஷயத்தை நான் அவளிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. வேலையில் இருந்தேன், போன் லாக்கரில் இருந்தது என்று ஆரம்பித்தேன். சாயங்காலம் பார்த்தேனே, அதை என்ன சொல்வது? அங்கேயே நிறுத்திவிட்டேன். தீபாவளிக்குப் பலகாரத்தோடு வரலாம் என்றுதான் இருந்தோம் என்று என் மனைவி மெல்லச் சொன்னாள்.

"பலகாரம் யாரு கேட்டா தம்பி," என்றார் அந்த அக்கா என்னைப் பார்த்து. "டயரக் கொண்டாந்திருக்கலாமே."

அண்ணன் உடனே கையை ஆட்டினார். "விடு, விடு. முள்ளு குத்தறது ஸ்பேர் இருந்தாலும் குத்தும். தம்பி வேணும்னா செஞ்சாரு?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அத வண்டில வச்சுக் கட்டிரு தம்பி. சங்கிலி பின்னாலயே கிடக்கு. நல்லா இறுக்கிக் கட்டு," என்றார்.

வெளியே வந்தேன். பிக்-அப்பின் பின்தட்டில் அந்த டயருக்கு உரிய இடத்தில் மழைத் தண்ணீர் தேங்கி, இலை விழுந்து கிடந்தது. டயரை வைத்துச் சங்கிலியைச் சுற்றி இறுக்கினேன். இடது காலால் கிளட்சை மிதித்து ஓட்டுகிற வண்டி அது. அந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் இனி அதை ஓட்ட மாட்டார் என்று கட்டுகிற எனக்கும் தெரியும், கட்டச் சொன்ன அவருக்கும் தெரியும். நான் தடவிய எண்ணெயில் டயர் புதுசு போல மின்னியது. அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

பலகாரக் கூடையைத் திருப்பி எடுத்துப் போகவும் முடியாமல், வைக்கவும் முடியாமல் என் மனைவி தடுமாறினாள். அண்ணன்தான் ஒரு பாட்டிலைத் திறந்து, தனக்கு ஆகாது என்று தெரிந்தும், அச்சு முறுக்கில் ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, நல்லா இருக்கு என்றார். அந்தத் தீபாவளிக்கு என் வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம், சாமி கும்பிட்டோம், அவ்வளவுதான்.

பிறகு அவருக்கு இன்னொரு தடவை அறுவைச் சிகிச்சை நடந்தது. பாதத்தில் பாதி போய்விட்டது. குத்தகை வேலையை விட்டுவிட்டார். பிக்-அப்பை விற்றபோது எனக்கு அவரே போன் செய்து சொன்னார், யாரோ உறவினரிடம் சொல்வது மாதிரி. மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை, காயத்துக்கு மருந்து வைக்க அவரை ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப் போகிறேன். முதலில் அந்த அக்கா வேண்டாம் என்றார். இப்போது நான் வந்தால் தேநீர் வைக்கிறார், ஆனால் என்னோடு அதிகம் பேசுவதில்லை. அவர் பேசாமல் இருப்பதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. போலிஃபோம் வட்டத்தை எப்போதோ தூக்கி எறிந்துவிட்டேன். முழு அளவு டயர் பின்கதவில் தொங்குகிறது, காற்றும் சரியாக இருக்கிறது. அதனால் யாருக்கு என்ன லாபம் என்று தெரியவில்லை.

ஒரு தடவை ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கும்போது சொல்லியேவிட்டேன். சாயங்காலம் நான் போனைப் பார்த்தேன் அண்ணே, பார்த்தும் கூப்பிடவில்லை என்றேன். "தெரியும் தம்பி," என்றார். பிறகு, மச்சானுக்கு இந்த வாரம் மூன்று நாளும் டயாலிசிஸ் ஒழுங்காக நடந்ததா என்று மட்டும் விசாரித்தார்.

மச்சான் இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறார், என்னைப் பார்த்தால் சிரிக்கிறார், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சந்தோஷம் முழுதாக வருவதற்குள், நல்ல நாள் பார்த்து நன்றி சொல்லலாம் என்று நான் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு மனிதர் என் அழைப்புக்காக மழையில் காத்திருந்தார் என்பது நினைவுக்கு வந்துவிடுகிறது.